ஐஸுக்குள்ள ரேடியோ ஆன்டெனா புதைச்சு நியூட்ரினோ தேடறாங்களாமே, அது எப்படி? இதுவரை ஏதாவது சிக்கிச்சா?

ரெண்டாவது கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். நியூட்ரினோங்கறது மின்சுமை இல்லாத, எதுலயும் சுலபத்துல மோதாம கடந்து போயிடற குட்டித் துகள். இதுதான் நியூட்ரினோன்னு அடிச்சு சொல்ற மாதிரி ஒண்ணுகூட ரேடியோவுல இன்னும் சிக்கல. அதுக்காக இந்த உழைப்பெல்லாம் வீண்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்கவே மாட்டேன்.

தென் துருவத்துல இருக்கற ஐஸ்கியூப் பத்தி கேள்விப்பட்டிருப்பீங்க, ஒரு கன கிலோமீட்டர் ஐஸுக்குள்ள 5160 லைட் சென்சார் இறக்கி வச்சிருக்காங்க, சூரிய மண்டலத்துக்கு வெளிய ரொம்ப தூரத்துலேர்ந்து வர்ற அதிக எனர்ஜி நியூட்ரினோ இருக்குன்னு 2013ல காட்டினது அதுதான். ஆனா எனர்ஜி ஏற ஏற நியூட்ரினோ வர்றது ரொம்ப அபூர்வமாயிடும், 10¹⁸ எலக்ட்ரான்வோல்ட் (துகளோட எனர்ஜிய அளக்கற அலகு) கிட்ட போனா ஒரு கன கிலோமீட்டர் பத்தவே பத்தாது. வெளிச்சம் ஐஸுக்குள்ள நூறு மீட்டர் அளவுலயே மங்கிடறதால சென்சார நெருக்கமா வச்சாகணும், அதே குளிர்ந்த ஐஸ்ல ரேடியோ அலை ஒரு கிலோமீட்டர் அளவுக்கு தாங்கும், அதனால கொஞ்சம் ஆன்டெனாவ வச்சே பெரிய பரப்ப பார்த்துடலாம்.

சரி, ரேடியோ எங்கேர்ந்து வருது? 1962ல அஸ்கார்யன்ங்கற சோவியத் இயற்பியலாளர் சொன்னதுதான் இதுக்கெல்லாம் அடிப்படை. நியூட்ரினோ ஐஸ்ல மோதினா துகள் மழை மாதிரி ஒரு கூட்டம் கிளம்பும், அது போற வழியில ஐஸ்ல இருக்கற எலக்ட்ரான்களையும் சேர்த்து இழுத்துட்டு போகும், எலக்ட்ரானோட எதிர்த்துகளான பாசிட்ரான்கள் வழியிலயே அழிஞ்சுடும், ஆக கூட்டத்துல எலக்ட்ரான் பக்கம் சுமார் 20 சதவீதம் கூடுதலாயிடும். ஐஸ்ல ஒளி போற வேகத்த விட இந்தக் கூட்டம் வேகமா போறதால செரன்கோவ் கதிர்ங்கற அலை வரும். கூட்டத்தோட அகலம் பத்து சென்டிமீட்டர் அளவுதான், அதைவிட நீளமான அலைகளுக்கு, அதாவது ரேடியோ அலைகளுக்கு, மொத்தக் கூட்டமும் ஒரே மின்சுமை மாதிரி, அதனால எல்லாம் சேர்ந்து ஒத்து ஒலிக்கும், எனர்ஜி ரெண்டு மடங்கானா ரேடியோ பவர் நாலு மடங்காகும்! அமெரிக்காவுல ஸ்லாக்ங்கற துகள் முடுக்கியில மணல்லயும், அப்புறம் 2006ல ஐஸ்லயும் துகள் கற்றைய விட்டு இத நேரடியா அளந்துட்டாங்க, அதனால இது வெறும் கணக்கு இல்ல.

கஷ்டம் எங்கன்னா, வர்ற சிக்னல் சில நானோசெகண்ட்தான். காத்துல பனி உரசினா உண்டாகற மின்சாரம், விமானம், ஆய்வு நிலையத்தோட வயர்லெஸ், எல்லாமே ஆன்டெனாவுல துடிப்பா விழும், இதையெல்லாம் கழிச்சுக் கட்டறதுதான் முக்காவாசி வேலை, எனக்கு இதுலதான் பெரிய மரியாதை. மேல் பனி அடர்த்தி மாறிட்டே போறதால அலை வேற வளையும், அதுக்குதான் தென் துருவத்துல ஆராங்கற ஆய்வோட ஆன்டெனாவ 200 மீட்டர் ஆழத்துக்கு இறக்கினாங்க. அனிட்டாங்கற ஆய்வு வேற வழி, அன்டார்டிகா மேல சுமார் 37 கிலோமீட்டர் உயரத்துல பலூன்ல பறந்து கீழ இருக்கற ஐஸ் முழுக்க கேட்டுச்சு. அது தேடின நியூட்ரினோ கிடைக்கல, ஆனா 2006ல கிளம்பின முதல் பயணத்தோட டேட்டாவுல காஸ்மிக் கதிர் (விண்வெளியிலேர்ந்து வர்ற மின்சுமைத் துகள்) காத்துல உண்டாக்கின 16 துடிப்பு கிடைச்சுது, யாரும் எதிர்பார்க்காத பலன் அது.

கிடைக்கலங்கறதும் ஒரு அளவீடுதான். மிக உச்ச எனர்ஜி காஸ்மிக் கதிரெல்லாம் வெறும் புரோட்டானா இருந்தா, பிரபஞ்சம் முழுக்க இருக்கற மைக்ரோவேவ் ஒளியில மோதி நிறைய நியூட்ரினோ உண்டாகணும், கனமான அணுக்கருவா இருந்தா ரொம்ப கம்மியாதான் வரும். அதனால நியூட்ரினோ வரவு இதுக்கு மேல இருக்க முடியாதுன்னு ஒவ்வொரு தேடலும் கோடு போடப் போட, காஸ்மிக் கதிர் எதால ஆனதுங்கற கேள்விக்கும் பதில் நெருங்குது.

இப்ப நான் ஆவலா பார்க்கறது கிரீன்லாந்துல 2021லேர்ந்து கட்டிட்டு வர்ற ஆர்என்ஓ-ஜிங்கற ரேடியோ ஆன்டெனா ஆய்வு. 35 ஸ்டேஷன் திட்டம், ஒண்ணுக்கொண்ணு ஒரு கிலோமீட்டருக்கு மேல இடைவெளி, ஓடறது சோலார்ல, குளிர்காலத்துல வெயிலே இல்லாததால காத்தாலையும் வச்சுப் பார்க்கறாங்க. 2023 பிப்ரவரில மத்தியதரைக் கடல்ல கேஎம்3நெட்ங்கற கடலடிக் கருவி பிடிச்ச ஒரு நியூட்ரினோவோட எனர்ஜி சுமார் 220 பெட்டா எலக்ட்ரான்வோல்ட்னு (2.2 × 10¹⁷ எலக்ட்ரான்வோல்ட்) கணிச்சிருக்காங்க, அது வெளிச்சத்த வச்சு பிடிச்சது, ஆனா ரேடியோ முறை வேலை செய்ய ஆரம்பிக்கறதும் கிட்டத்தட்ட அதே எனர்ஜியிலதான்.