கல்லீரல் என்னும் காவல்காரன்: நானோ மருத்துவம் பற்றிய கேள்வி பதில்

(நோயறிதலுக்கும் சிகிச்சைக்கும் நானோ துகள்கள் தயாரிக்கும் உயிர்மருத்துவ ஆய்வாளர் பதிலளிக்கிறார்.)

மேடம், கொரோனா சோதனை அட்டையில் சிவப்புக் கோடு எப்படி வருகிறது? – கல்லூரி மாணவி

பெரும்பாலான அட்டைகளில் அது தங்கம், அம்மா. சுமார் 40 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) அளவில் தங்கம் பச்சை ஒளியை விழுங்குவதால் சிவப்பாகத் தெரிகிறது. துகளின் மேல் வைரஸ் புரதத்தைப் பற்றும் ஆன்டிபாடி என்ற புரதம் இருக்கும். வைரஸ் இருந்தால் துகள்கள் கோட்டில் சிக்கிக் குவியும். கர்ப்பப் பரிசோதனை அட்டைகளிலும் பெரும்பாலும் இதே வித்தைதான். இந்தச் சிவப்பை ஃபாரடே 1857இலேயே ஆராய்ந்து எழுதிவிட்டார். நானோ மருத்துவம் என்றால் பத்திரிகைகளுக்குப் புற்றுநோய்ச் செய்தி போதும். சத்தமில்லாமல் வென்றது என்னவோ நோயறிதல்தான்.

அம்மாவின் புற்றுநோய்க்கு, சாதாரண டாக்சோரூபிசின் மருந்துக்குப் பதில், அதையே கொழுப்புக் குமிழில் அடைத்த விலை கூடிய லைப்போசோம் மருந்தைப் போடலாம் என்கிறார் மருத்துவர். அது நேரே கட்டிக்குப் போகுமா? – ஒரு மகன்

போகாது, தம்பி. அந்த ஆசையைக் கிளப்பியவர்கள் எங்கள் துறையினர்தான். கட்டியின் ரத்தக் குழாய்கள் கசிவதால் பெரிய மூலக்கூறுகள் அங்கே தேங்கும் என்று 1986இல் ஜப்பானில் மாட்சுமுராவும் மயேடாவும் காட்டினார்கள். எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டோம். 2016இல் டொராண்டோ ஆய்வாளர்கள் பத்தாண்டுக் கட்டுரைகளை அலசினார்கள். பெரும்பாலும் எலிகளில் நடந்த அந்த ஆய்வுகளில், செலுத்திய துகள்களில் கட்டியை எட்டியது, இடைநிலை அளவாக, 0.7 சதவீதம். மிச்சத்தில் பெரும்பங்கு கல்லீரலிலும் மண்ணீரலிலும் சிக்கிவிடுகிறது.

பிறகு எதற்கு அந்த மருந்து? இதயத்துக்காக. டாக்சோரூபிசின் மொத்த அளவு ஏற ஏற இதயத் தசை கெடும். 100 நானோமீட்டருக்குச் சற்றுக் குறைவான கொழுப்புக் குமிழுக்குள் அடைத்தால், இதயத்தின் நெருக்கமான குழாய்ச் சுவரைக் கடப்பது கடினம். 1995இல் அமெரிக்கா அனுமதித்த டாக்ஸில் என்ற லைப்போசோம் மருந்தின் முக்கிய ஆதாயம் இதுவே. பதிலுக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோல் உரியலாம். முதல் முறை செலுத்தும்போது மூச்சுத்திணறல் வரலாம். அம்மாவின் இதயம் எப்படி இருக்கிறது, இதுவரை எவ்வளவு மருந்து ஏறியிருக்கிறது என்று மருத்துவரிடம் கேளுங்கள். அந்த விலை தேவையா என்பதற்கு விடை அதில்தான் இருக்கிறது.

கல்லீரலை ஏமாற்ற வழியே இல்லையா? – மருந்தாளுநர்

ஏமாற்றுவானேன்? கல்லீரலுக்கே மருந்து அனுப்பலாமே! 2018இல் அனுமதி பெற்ற பட்டிசிரான், கொழுப்புத் துகளுக்குள் ஆர்என்ஏ என்ற மரபுச் செய்தி மூலக்கூறை அடைத்த மருந்து; அதைத்தான் செய்கிறது. நரம்பைக் கெடுக்கும் ஒரு பரம்பரை நோயில், பழுதான புரதம் பெரும்பாலும் கல்லீரலில்தான் உற்பத்தியாகிறது. ரத்தத்திலுள்ள அபோ-இ என்ற புரதம் கொழுப்புத் துகளின் மேல் ஒட்டி, அதைக் கல்லீரல் செல்லுக்குள் கூட்டிச் செல்கிறது. உள்ளே போன ஆர்என்ஏ, அந்தப் பழுதான புரதத்தின் உற்பத்தியை அடக்குகிறது. எம்ஆர்என்ஏ கொரோனா தடுப்பூசிகளின் துகள்களும் இதே குடும்பம்தான்.

தங்க பஸ்பமும் நானோ மருந்துதானே? – ஓய்வுபெற்ற ஆசிரியர்

அதில் நுண்ணிய தங்கத் துகள்கள் உண்டு, ஐயா. துகள் சிறியது என்பதாலேயே நோய் தீரும் என்று ஆகாது. புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் சாப்பிட வேண்டாம்.

ஊசியில் போன துகள் உடம்பிலேயே தங்கிவிடுமா? – இல்லத்தரசி

பொருளைப் பொறுத்தது. சுமார் 6 நானோமீட்டருக்குக் கீழ் இருந்தால் சிறுநீரில் வெளியேறும். அதைவிடப் பெரிய தங்கத் துகள் கல்லீரலில் நெடுங்காலம் கிடக்கும். இரும்பு ஆக்சைடு கரைந்து உடலின் இரும்புச் சேமிப்பில் சேர்ந்துவிடும். அதனால்தான் ஃபெருமாக்சிடால் என்ற துகள் மருந்தை 2009 முதல் ரத்தசோகைக்கே கொடுக்கிறார்கள்.