கோச்சி நின்ன இடமெல்லாம் டவுனாச்சு

கேள்வி (டிக்கோயா வாசகி): நுவரெலியா அவ்வளவு பெரிய டவுன், ஆனா அங்க ரயில் போகல, நானுஓயாவுல எறங்கி பஸ் புடிக்கணும். எங்க அட்டன் அப்படி இல்ல, ஸ்டேஷன ஒட்டியே கடையா நிக்குது. ஏன் இந்த வித்தியாசம்?

பதில்: ரெண்டுக்கும் காரணம் சரக்குதாங்க. 1854ல கண்டியில தோட்டத் துரைமாரு சங்கம் ஆரம்பிச்ச காலத்துல அவங்களுக்கு பெரிய தலைவலியே கோப்பி மூட்டைய கொழும்புக்கு எறக்குறதுதான், மாட்டு வண்டியில போனா வாரக்கணக்கா ஆகும், அதனால ரயில் வேணும் ரயில் வேணும்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. கண்டிக்கு கோச்சி, அதான் ரயில், வந்தது 1867ல, நாவலப்பிட்டிக்கு 1874ல. அதுக்கப்புறம் பத்து வருஷம் பாதை அங்கேயே நின்னுடுச்சு. அந்த பத்து வருஷந்தான் நாவலப்பிட்டிய டவுனாக்குச்சுன்னு நான் அடிச்சு சொல்லுவேன், மேல் தோட்டத்து சரக்கு பூரா வண்டியில அங்க வந்து எறங்கணும், அரிசி கருவாடு துணின்னு எல்லாம் அங்க இருந்துதான் மேல ஏறணும், அப்ப கடை வராம என்ன செய்யும். இஞ்சின் ஷெட்டும் அங்கதான் இருக்கு, ஏன்னா மேல போகப்போக 44 அடிக்கு 1 அடி ஏத்தம்.

அட்டனுக்கு பாதை வந்தது 1884ல. அதுக்குள்ள இலை நோய் வந்து கோப்பி அழிஞ்சு தேயிலை வந்தாச்சு. டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவ, மஸ்கெலியா எங்க இருந்து வந்தாலும் தேயிலை பெட்டி அட்டன்லதான் ரயில் ஏறணும். நாலு பக்க ரோடும் ஸ்டேஷன பாத்து வந்தா டவுன் வேற எங்க போகும்? சிவனொளிபாதமலைக்கு போற சனமும் இன்னைக்கும் அங்கதானே எறங்குது.

நுவரெலியாவுக்கு உசரம் ஒரு தடையே இல்லங்க. நுவரெலியா 1868 மீட்டர், ரயில் ஏறுற பட்டிப்பொல உச்சி 1898 மீட்டர், பாத்தீங்களா, அதவிட கூட. ஆனா பாதை போக வேண்டியது அப்புத்தளை, பண்டாரவளைன்னு ஊவா பக்கம், நுவரெலியாவோ மலைக்கு நடுவுல கிண்ணம் மாதிரி ஒதுங்கி கெடக்கு. அதனால 1885ல நானுஓயாவோட விட்டுட்டு பாதை அந்தப் பக்கம் திரும்பிடுச்சு. பொறகு 1903ல நானுஓயாவுல இருந்து நுவரெலியாவுக்கு சின்ன பாதை ஒண்ணு போட்டு கந்தப்பளை, ராகலை வரைக்கும் கொண்டு போனாங்க, பஸ்சும் லொறியும் வந்து அதோட பொழப்ப கெடுத்து 1948ல மூடியே போச்சு.

கேள்வி (தலவாக்கலை வாசகர்): டவுன் இவ்வளவு வளந்தும் தோட்டத்துல வேலை செஞ்ச எங்க ஆளுங்க ஏன் டவுன்ல குடியேறல?

பதில்: இதத்தான் நானும் ரொம்ப நாளா யோசிக்கிறேன். லயத்துக் காம்பரா, அதான் தோட்டத்துல வரிசையா கட்டின வீட்டுல ஒரு அறை, வேலையோட சேந்தது, வேலைய விட்டா காம்பராவும் போச்சு. கடன் கணக்கு பத்தி துரை எழுதிக் குடுக்குற துண்டுச் சீட்டு இல்லாம இன்னொரு தோட்டத்துக்கு கூட போக முடியாத காலம், 1921ல அந்த துண்டு முறைய ஒழிச்சாலும் காம்பரா தோட்டத்துக்காரன் கையிலதான் இருந்துச்சு. ஸ்டேஷன சுத்தி கடைக்கு எடம் இருந்துச்சு, கூட்ஸ் ஷெட்டுக்கு எடம் இருந்துச்சு, அந்த பெட்டிக்குள்ள போற கொழுந்த பறிச்சவளுக்கு ஒரு துண்டு நெலம் ஒதுக்கணும்னு யாருக்கும் தோணவே இல்ல, எனக்கு இன்னும் ஆறல அது.

எங்க அம்மாயி சம்பளத்துக்கு அடுத்த ஞாயித்துக்கெழம என்னைய கைய புடிச்சு டவுனுக்கு கூட்டிக்கிட்டு போவா, கருவாடு, தேங்கா, எனக்கு ஒரு பணிஸ். சிங்கமலை சுரங்கத்துல இருந்து கோச்சி வர்ற சத்தம் கேட்டதும் பைய தூக்கிடுவா. "பொழுது சாயுது, லயத்துக்கு நடடா"ம்பா. அம்பது வருஷம் அந்த டவுனுக்கு போய் வந்தவ, ஒரு ராத்திரி கூட அங்க படுத்ததில்ல.