கடலோர வீடும் கிண்டி அலுவலகமும்

அன்புள்ள ஐயா,

கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்துக்குக் குடிபெயர்ந்ததைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்ததிலிருந்து இந்தக் கடிதத்தை மனத்துக்குள் எழுதிக்கொண்டே இருக்கிறேன். எனக்கு 41 வயது. கிண்டியில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. வில்லிவாக்கத்தில் சொந்த அடுக்குமாடி வீடு. மனைவி அண்ணா நகரில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். எழுபது வயதைத் தாண்டிய அம்மா எங்களோடு இருக்கிறார். அவருக்கு வீசிங் உண்டு.

சென்ற மே மாதம் மாமல்லபுரத்தில் மூன்று நாட்கள் தங்கினோம். அம்மா அந்த மூன்று இரவும் நன்றாகத் தூங்கினார். திரும்பி வந்த நாள் முதல், வில்லிவாக்கம் வீட்டை விற்றுவிட்டு மாமல்லபுரத்துக்கும் கல்பாக்கத்துக்கும் நடுவே ஒரு மனை வாங்கி வீடு கட்டிவிடலாம் என்ற எண்ணம் என்னை விடவில்லை. அலுவலகத்துக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரில் போய்வர முடியும்; ஒரு வழிக்கு ஒன்றேகால் மணி நேரம் என்று மேப் காட்டுகிறது. மனைவி தயங்குகிறார். நண்பர்கள் பைத்தியக்காரத்தனம் என்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் இப்படிப் பயணம் செய்தவர் நீங்கள். இது சாத்தியமா, அல்லது நகரத்திலிருந்து தப்பி ஓடும் ஆசை மட்டும்தானா?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

உங்கள் ஆசையைப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அதே ஆசையோடு 2009 ஜூன் மாதம் அசோக் நகரிலிருந்து சாமான்களை ஏற்றிக்கொண்டு இங்கே வந்தவன் நான். இன்றும் இங்கேதான் இருக்கிறேன். ஆனால் கடிதத்தில் ஒரு முடிவாக நீங்கள் எழுதியிருப்பது உண்மையில் இரண்டு முடிவுகள். கடலோரத்தில் குடியேறுவது ஒன்று. அங்கிருந்து நாள்தோறும் கிண்டிக்குப் போய்வருவது மற்றொன்று. முதல் முடிவுக்காக நான் ஒரு நாளும் வருந்தியதில்லை. இரண்டாவதை ஏழு ஆண்டுகள் சுமந்து, பிறகு இறக்கி வைத்தேன்.

அப்போது நான் வேலை பார்த்த வங்கிக் கிளையும் கிண்டியில்தான் இருந்தது. வீட்டிலிருந்து அங்கே ஏறத்தாழ 65 கிலோமீட்டர். முதல் சில மாதங்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்தில் போனேன். மாமல்லபுரம், முட்டுக்காடு வரைக்கும் பயணம் சுகமாக இருக்கும். அக்கரையைத் தாண்டித் திருவான்மியூரை நெருங்கும்போது அந்தச் சுகத்துக்கெல்லாம் வட்டியும் முதலுமாகக் கொடுக்க வேண்டியிருக்கும். மேப் காட்டும் ஒன்றேகால் மணி என்பது சாலை காலியாக இருக்கும் நேரத்தின் கணக்கு. அலுவலக நேரத்தில் ஒன்றே முக்கால் மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மாலையில் நகரமே கடற்கரை விடுதிகளை நோக்கிக் கிளம்புவதால் திரும்பி வருவது இன்னும் நீளும். இந்தக் கடற்கரை நெடுக ரயில் கிடையாது. சென்னையிலிருந்து தெற்கே வரும் தண்டவாளம் தாம்பரம், செங்கல்பட்டு, விழுப்புரம் என்று உள்நாட்டு வழியே போகிறது. எனவே நான் பிறகு திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் செங்கல்பட்டுக்குப் போய், அங்கிருந்து சீசன் டிக்கெட்டில் மின்சார ரயிலைப் பிடித்தேன். அதில் நேரம் கூடுதல், போக இரண்டரை மணி, வர இரண்டரை மணி. இருந்தும் ரயிலையே தேர்ந்தேன். ஸ்டீயரிங் பிடித்துச் செலவழியும் ஒரு மணி நேரமும் ரயிலில் உட்கார்ந்து செலவழியும் ஒரு மணி நேரமும் ஒன்றல்ல.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர். ஒரு நாளைக்கு மூன்றரை மணி, ஆண்டுக்கு 240 வேலை நாட்கள் என்றால் 840 மணி நேரம். அதாவது இரவும் பகலுமாக 35 முழு நாட்களை ஒவ்வோர் ஆண்டும் காருக்குள் கழிப்பீர்கள். எனக்கு அது 50 நாட்களாக இருந்தது. வீடு கட்டும்போது எந்த அறையில் எவ்வளவு நேரம் இருப்போம் என்று யோசித்துத்தான் சன்னல் வைக்கிறோம். வேலை நாட்களில் நீங்கள் விழித்திருந்து அதிக நேரம் இருக்கப்போகும் அறை உங்கள் காராகத்தான் இருக்கும்.

நேரத்தின் அளவை விட, அது எந்த நேரம் என்பது முக்கியம். இதை நான் வந்து குடியேறிய பிறகுதான் உணர்ந்தேன். கோடையில் நண்பகலையொட்டித்தான் கடலிலிருந்து காற்று வீசத் தொடங்கும். உங்கள் அம்மா அந்த மே மாதத்தில் அனுபவித்த காற்று அதுதான். அது வந்து முற்றத்துத் துணிகளை அசைக்கும் வேளையில் நீங்கள் கிண்டியில் இருப்பீர்கள். இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பும்போது அது ஓய்ந்துகொண்டிருக்கும். தை மாதத்தில் சூரியன் உதிப்பதே ஆறரை மணிக்கு. அதற்குள் நான் திருக்கழுக்குன்றம் போகும் பேருந்தில் ஏறியிருப்பேன். ஐப்பசி தொடங்கி மாசி வரைக்கும், ஞாயிற்றுக்கிழமைகளைத் தவிர, கடலை நான் வெளிச்சத்தில் பார்த்ததே இல்லை. அலை ஓசையைக் கேட்டுக்கொண்டு தூங்கினேன், அவ்வளவுதான். பௌர்ணமியும் அதையொட்டிய இரண்டொரு நாட்களும் எனக்குப் பெரிய ஆறுதல். சாப்பிட்டு முடித்து நானும் மனைவியும் மணலுக்குப் போனால், கிழக்கே நன்றாக மேலேறிவிட்ட நிலவின் கீழே நீர் முழுவதும் வெள்ளையாகத் தெரியும்.

ஜெர்மனியில் நெடுங்காலமாக ஆயிரக்கணக்கான குடும்பங்களிடம் திரட்டப்பட்டு வந்த விவரங்களை வைத்து, புருனோ ஃப்ரே, அலாய்ஸ் ஸ்டட்சர் என்ற இரு பொருளியலாளர்கள் இதே கேள்வியை ஆராய்ந்தார்கள். தொலைவிலிருந்து வேலைக்குப் போகிறவன் நல்ல வீட்டையோ கூடுதல் சம்பளத்தையோ மனத்தில் வைத்துத்தான் அதற்கு ஒப்புக்கொள்கிறான். ஆகவே கூட்டிக் கழித்தால் அவனுடைய மனநிறைவு மற்றவர்களோடு சமமாக இருக்க வேண்டும். ஆனால் பயண நேரம் கூடக்கூட வாழ்க்கையில் நிறைவு குறைகிறது என்பதே அவர்கள் கண்ட முடிவு. இதில் என் அனுபவம் அவர்கள் பக்கம்தான். பெரிய வீடு ஆறு மாதத்தில் பழகிவிடும். பயணம் பழகுவதில்லை; ஒவ்வொரு நாளும் அது புதிதாகத்தான் தொடங்குகிறது.

அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்தவையும் உண்டு, அவற்றை மறைப்பது நியாயமல்ல. செங்கல்பட்டு நிலையத்தை விட்டு வண்டி நகர்ந்ததும் கொளவாய் ஏரி பக்கத்திலேயே விரியும். மழைக்காலத்தில் தண்டவாளத்தை ஒட்டி நீர் நிற்க, அதன் மேல் காலை வெளிச்சம் பெட்டிக்குள் வந்து எதிரில் இருப்பவர்களின் முகத்தில் ஆடும். எங்கள் பெட்டியில் தினமும் வரும் ஒரு அம்மா மாலையில் தாம்பரத்தில் முளைக்கீரைக் கட்டு வாங்கிக்கொண்டு ஏறுவார். மடியில் தினத்தாளை விரித்து, ஒவ்வொரு தண்டாக எடுத்து இலையைக் கிள்ளி ஒரு பக்கமும் வேரை மறுபக்கமும் போட்டு, சிங்கப்பெருமாள் கோவில் வருவதற்குள் கீரையை ஆய்ந்து பையில் கட்டிவிடுவார். வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டியதுதான் பாக்கி. அவரைப் பார்த்துப் பார்த்துத்தான், வீட்டு வேலையில் எதை ரயிலில் முடிக்கலாம் என்று நான் கற்றுக்கொண்டேன். என் முதல் இரண்டு புத்தகங்களின் பெரும்பகுதி அந்த ரயிலில் எழுதப்பட்டது. காரில் போயிருந்தால் ஒரு வரியும் எழுதியிருக்க மாட்டேன்.

என்னை மாற்றியது ஒரு மழை. 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. ரயில்கள் நின்றன, அடையாறு கரையை உடைத்துக்கொண்டு சைதாப்பேட்டைக்குள் புகுந்தது. இரண்டு இரவுகள் நான் கிளை அலுவலகத்தின் மேசை மீது படுத்திருந்தேன். இங்கே வீட்டில் மின்சாரம் இல்லை, கைபேசியில் தொடர்பு இல்லை. மனைவியும் அவருடைய வயதான தாயாரும் மட்டும் இருந்தார்கள். மூன்றாம் நாள் நான் வந்து சேர்ந்தபோது மனைவி கோபிக்கவில்லை. "நீங்க இங்க குடியிருக்கீங்கன்னு சொல்றீங்க, ஆனா குடியிருக்கிறது நாங்கதான்" என்று மட்டும் சொன்னார். அடுத்த ஆண்டே, கிடைக்கவிருந்த பதவி உயர்வை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு, செங்கல்பட்டுக் கிளைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டேன். பயணம் ஒரு வழிக்கு ஒரு மணி நேரமாகக் குறைந்தது. அதன் பிறகுதான் நான் கடலோரத்தில் வாழத் தொடங்கினேன் என்று சொல்வேன்.

உங்கள் மனைவியின் தயக்கத்தை மனைவிமார்களின் வழக்கமான தயக்கம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். உங்கள் கடிதத்தில் அவருடைய வேலை என்னவாகும் என்று ஒரு வரிகூட இல்லை. வில்லிவாக்கத்திலிருந்து அண்ணா நகர் பக்கத்தில்தான் இருக்கிறது. இங்கிருந்து அங்கே போய்வர முடியாது. ஆக, உங்கள் வேலையைக் காப்பாற்றிக்கொண்டு அவருடைய வேலையை விடச் சொல்கிறீர்கள். மகள் இரண்டு ஆண்டுகளில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுவாள். அவளிடமும் கேட்டதாகத் தெரியவில்லை. அம்மாவுக்கு இந்தக் காற்று ஒத்துக்கொள்ளுமா என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் கேளுங்கள், மூன்று இரவுத் தூக்கத்தை மட்டும் சாட்சியாக வைக்காதீர்கள். இரவு இரண்டு மணிக்கு அவருக்கு மூச்சுத் திணறினால், செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் போக வேண்டும். அந்த நேரத்தில் காரை ஓட்டப்போகிறவர், காலையிலும் மாலையிலும் 130 கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் படுத்த நீங்கள்தான்.

மனையைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991இலும், பிறகு 2011இலும், 2019இலும் வெளிவந்தது. ஊர்ப்புறக் கடற்கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புதிதாக வீடு கட்டுவதற்கு நெடுங்காலமாகவே தடை இருந்து வருகிறது. மக்கள் நெருக்கம் மிகுந்த ஊர்களுக்கு மட்டும் கடைசி அறிவிக்கையில் அந்தத் தூரம் குறைக்கப்பட்டது. பட்டா இருக்கிறது என்று தரகர் காட்டுவது மட்டும் போதாது. வரைபடத்தில் அந்தச் சர்வே எண் எந்த மண்டலத்தில் விழுகிறது என்று பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள். தண்ணீருக்கு ஆழ்துளைக் கிணறு போட வேண்டாம். இந்த மணல்மேடுகளுக்கு அடியில் மழைநீர் கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது; கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே ஓர் அடியை மோட்டாரால் இழுத்துத் தீர்த்தால், கீழிருந்து உப்பு எத்தனை அடி ஏறும் என்று நீங்களே கணக்கிடலாம். எங்கள் தெருவில் உறைக்கிணறு வைத்திருப்பவர்கள் இன்றும் அந்த நீரில்தான் சோறு வடிக்கிறார்கள். உப்புக்காற்று இரும்பைத் தின்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்: கதவுக் கீல், மிக்சியின் அடித்தட்டு, ஏசியின் வெளிப்பெட்டி எல்லாம் போகும். சமையலறை உப்பு ஜாடி கார்த்திகை முழுவதும் நீர் விட்டுக்கொண்டே இருக்கும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கடற்கரையை நீங்கள் வெறும் இடம் என்று நினைத்து வராதீர்கள். 2004 டிசம்பர் 26 அன்று கல்பாக்கம் குடியிருப்பிலும் சுற்றியுள்ள குப்பங்களிலும் உயிர்கள் போயின. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்கு அருகில் கரையைக் கடந்தபோது, என் வீட்டுக் கூரைத் தகரத்தைக் கட்டி நிறுத்த வந்தவர்கள் பக்கத்துக் குப்பத்து இளைஞர்கள்தான். அன்று மாலையே ஒரு பெரியவர் வந்து, காற்று வடக்கத்தி வாடையிலிருந்து கிழக்கத்திக் கொண்டலுக்குத் திரும்புகிறது, கிழக்குச் சன்னலை அடைத்துவிடு தம்பி என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆண்டுக்கணக்கில் முகம் பார்த்துப் பழகியதால் வந்து சொன்னார். இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புகிறவனுக்கு அந்தப் பழக்கம் வாய்ப்பது கடினம். எனக்கும் செங்கல்பட்டுக்கு மாறிய பிறகுதான் வாய்த்தது.

ஆகவே நான் சொல்வது இது. வில்லிவாக்கம் வீட்டை விற்க வேண்டாம். வாடகைக்கு விடவும் இப்போது அவசரப்பட வேண்டாம். மனைவிக்கும் மகளுக்கும் பள்ளியைத் தொந்தரவு செய்யாமல், நீங்கள் மட்டும் வருகிற ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் இங்கே ஒரு சிறு வீட்டை வாடகைக்கு எடுத்து, இங்கிருந்தே வேலைக்குப் போய் வாருங்கள். அம்மாவைத் தை பிறந்த பிறகு அழைத்து வரலாம். வாரத்தில் இரண்டு நாளாவது வீட்டிலிருந்து வேலை செய்ய நிறுவனம் ஒப்புக்கொள்ளுமா என்பதை இப்போதே எழுத்தில் கேளுங்கள். கணக்குப் பிரிவில் அது முடியாத காரியம் அல்ல. வாரத்துக்கு ஐந்து நாள் பயணம் என்றால் என் பதில் வேண்டாம் என்பதுதான். மூன்று நாள் என்றால், மனைவிக்குத் திருக்கழுக்குன்றத்திலோ கல்பாக்கத்திலோ வேலை கிடைத்து, மகளுடைய பத்தாம் வகுப்பும் முடிந்துவிட்டால், தாராளமாக வாருங்கள் என்பேன்.

வாடகை வீடு பார்க்க வரும்போது ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள். ஒரு புதன்கிழமை மாலை அலுவலகம் முடிந்து கிண்டியிலிருந்து நேராகக் கிளம்பி வாருங்கள். எத்தனை மணிக்கு வந்தாலும் சாப்பிடாமல் காத்திருப்போம்.