கொண்டுபோய் விடுவது

அன்புள்ள அண்ணனுக்கு,

பாம்பன் தெற்குவாடியில் இருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம். ஊரைப் போட்டால் பரவாயில்லை, எங்களைப் போல இங்கே நிறைய வீடு இருக்கிறது.

என் தம்பிக்கு 24 வயது. பத்தாவது முடித்ததும் விசைப்படகில் ஏறிவிட்டான். முதலில் கஞ்சா. அப்புறம் வலி மாத்திரை, அட்டை அட்டையாக. இப்போது ஐஸ் என்கிறார்கள், மெத்தம்பெட்டமின் என்ற போதைப்பொருளாம். மூன்று நாள் தூங்காமல் கிடப்பான், பிறகு இரண்டு நாள் எழுந்திருக்கவே மாட்டான். யாரோ சுவரில் காதை வைத்துக் கேட்கிறார்கள் என்று ராத்திரியெல்லாம் வாசலில் நிற்கிறான். அம்மாவின் சங்கிலி போய்விட்டது. வேர்க்காடு சந்தியாகப்பர் கோயிலில் சத்தியம் செய்தான். பதினோரு நாள் தாங்கியது.

ஒரு ஏஜென்ட் வந்து பேசினார். வெளி மாவட்டத்தில் ஒரு மறுவாழ்வு இல்லமாம். 90 நாளைக்கு அறுபதாயிரம், பாதி முன்பணம். ராத்திரி இரண்டு மணிக்கு நான்கு பேர் வண்டியோடு வந்து தூக்கிக்கொள்வார்களாம். முதல் 45 நாள் நாங்கள் பார்க்கக் கூடாதாம். மீன்பிடித் தடைக்காலத்தில் அனுப்பினால் தொழில் கெடாது என்கிறார் அம்மா. ஏர்வாடி தர்காவில் கொண்டுபோய் விடலாம் என்கிறார் மாமா. அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று எனக்குப் பயம். எங்கே கொண்டுபோய் விடுவது, நீங்களே ஒரு நல்ல இடம் சொல்லுங்கள். அம்மா சரியாகத் தூங்கி மாதக்கணக்கில் ஆகிறது.

ஒரு தங்கை

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் "கொண்டுபோய் விடுவது" இரண்டு இடத்தில் வருகிறது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவோம். பூனைக்குட்டியைச் சாக்கில் கட்டி அடுத்த ஊரில் கொண்டுபோய் விடுவோம். இரண்டுக்கும் நம்மிடம் ஒரே சொல்தான்.

உங்களைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. நானே விட்டவன். என் அண்ணனுக்குச் சாராயம்தான், மாத்திரை இல்லை. பல வருடம் முன்பு, இதே போல ஒருவர் பேச்சைக் கேட்டு, அவனை ஒரு தனியார் இல்லத்தில் சேர்த்தேன். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போகிறோம் என்று பொய் சொல்லி வண்டியில் ஏற்றினோம். அங்கே மருத்துவர் என்று யாரும் கிடையாது. மொட்டை அடித்து, காலை நான்கு மணிக்கு எழுப்பி, பேசினால் அடித்து 90 நாள் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தவன் கன்னம் பூசினாற்போல இருந்தான். அம்மாவுக்குச் சந்தோஷம். நான்காவது நாள் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் விழுந்து கிடந்தான். ரொம்ப நாள் கழித்து ஒரு தடவை சொன்னான்: "அடிச்சதெல்லாம் மறந்து போச்சுடா. நீ கேட்டைத் தாண்டினதும் திரும்பிப் பார்க்காமப் போனே பாரு." உண்மைதான், நான் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்கு ராத்திரி பல மாதத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மாமா ஏர்வாடி என்றதும் எனக்கு 2001 ஆகஸ்ட் 6 ஞாபகம் வந்தது. விடியற்காலையில் அங்கே ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டியிருந்ததால் எழுந்து ஓட முடியாமல் 28 பேர் செத்துப்போனார்கள். அவர்களும் சொந்தக்காரர்கள் யாரோ பஸ்ஸில் கூட்டி வந்து, பணம் கட்டி விட்டுப்போனவர்கள்தான். தர்காவுக்குப் போய்ப் பிரார்த்தனை செய்வதை நான் தடுக்கவில்லை. நம் கடற்கரையில் இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் எல்லோருமே அந்த வாசலில் நின்றிருக்கிறோம். அங்கேயே மருந்தும் துவா என்கிற பிரார்த்தனையும் சேர்ந்து கிடைக்க அரசும் ஏற்பாடு செய்தது. போங்கள், அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள், அன்றைக்கே கூட்டிக்கொண்டு திரும்புங்கள். விட்டுவிட்டு வராதீர்கள்.

இப்போது அந்த ஏஜென்ட் விஷயம். ராத்திரி இரண்டு மணிக்கு ஆள் தூக்க எந்தச் சட்டமும் இடம் கொடுக்கவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் குடி, போதை சார்ந்த மனநலக் கோளாறுகளையும் மனநோய்க்குள் சேர்த்திருக்கிறது. அதனால் இப்படிப்பட்டவர்களை வைத்துச் சிகிச்சை கொடுக்கும் இல்லம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அவனே சம்மதித்துச் சேர்வதுதான் முறை. சம்மதிக்கும் நிலையிலேயே இல்லை, தனக்கோ பிறருக்கோ ஆபத்து உண்டாக்குவான் என்றால் அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். குடும்பத்தார் எழுதிக் கொடுத்து, ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவரோ மனநலத் துறையாளரோ தனித்தனியாகப் பரிசோதித்து ஒப்புக்கொண்டால், முதலில் 30 நாள் வரை சேர்க்கலாம். சேர்த்ததை ஒரு வாரத்துக்குள் மனநல ஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். சங்கிலி போடுவதை அதே சட்டம் அடியோடு தடை செய்கிறது. வெளியில் இருப்பவரைப் பார்க்கவும் போனில் பேசவும் நோயாளிக்கு உரிமை உண்டு. 45 நாள் பார்க்கவே கூடாது என்பவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். பதிவுச் சான்றிதழின் நகல் எங்கே? மனநல மருத்துவர் பெயர் என்ன, வாரத்தில் எத்தனை நாள் வருகிறார்? முன்பணத்தைப் பற்றி மட்டுமே பதில் வந்தால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

சரி, எங்கே போவது? முதலில் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். இல்லத்தை நாமாகத் தேடிப் பிடித்துவிட்டு அப்புறம் மருத்துவரைப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. உள்ளே சேர்க்க வேண்டுமா, வெளியில் வைத்தே பார்க்கலாமா, எத்தனை நாள் என்பதை அவன் என்ன சாப்பிடுகிறான் என்பதை வைத்து மருத்துவர்தான் சொல்ல முடியும். தமிழக அரசு 2025ல் 25 அரசு மருத்துவமனைகளில் "கலங்கரை" என்ற பெயரில் போதை மீட்பு மையங்கள் திறந்தது. சேர்க்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் பக்கத்தில் எந்தக் கலங்கரையில் படுக்கை இருக்கிறது என்று அவரிடமே கேளுங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் மனநலத் துறை இருக்கிறது. கிளம்பும் முன் 14446க்குப் பேசலாம், மத்திய அரசின் இலவசப் போதை மீட்பு எண். உங்களுக்கே பேச ஆள் வேண்டுமென்றால் 14416, டெலி மானஸ், தமிழிலும் பேசுவார்கள்.

போகும்போது அந்த மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். டேபென்டடால் என்றோ டிரமடால் என்றோ போட்டிருந்தால் அது சும்மா வலி மாத்திரை அல்ல, அபின் வகையறா. அதை நிறுத்தினால் உடம்பு முறுக்கும், வயிறு போகும், மூக்கு ஒழுகும், செத்துவிடுவேன் என்று கத்துவான். இரண்டு மூன்று நாள் உச்சத்தில் இருந்து ஒரு வாரம், பத்து நாளில் தணியும். இதைத் தாங்கவும், பிறகு ஏக்கத்தைக் குறைக்கவும் மருந்து உண்டு. உண்மையான ஆபத்து அதற்கப்புறம்தான். ஒரு மாதம் தொடாமல் இருந்துவிட்டுப் பழைய அளவிலேயே போட்டால் மூச்சு நின்றுவிடும். மருத்துவர் இல்லாத இல்லத்தில் இருந்து "சுத்தமாகி" வந்த பையன்கள் வந்த வாரமே போய்விடுவது இப்படித்தான். இந்த ஒன்றை அவனிடமே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

குடியும் சேர்ந்திருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் வீட்டில் பூட்டி வைத்து நிறுத்தப் பார்க்காதீர்கள். தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் ஓரிரு நாளில் வலிப்பு வரலாம், மூன்றாம் நாள் ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றலாம், உயிரே போகலாம். தூக்க மாத்திரைக்கும் இதே கதைதான். தெரியாமல் சோற்றில் கலந்து கொடுங்கள் என்று விளம்பரம் வருகிறதே, அதையும் வாங்காதீர்கள். அதில் குடியை வெறுக்க வைக்கும் மருந்து கலந்திருந்தால், குடி சேர்ந்ததும் நெஞ்சு படபடத்து இரத்த அழுத்தம் விழுந்துவிடலாம். சாப்பிடுகிறவருக்குத் தெரிந்து, மருத்துவர் பார்வையில் மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்து அது.

சுவரில் யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்கிறானே, அது பேயும் அல்ல, செய்வினையும் அல்ல. ஐஸ் மூளையில் செய்கிற வேலை. நிறுத்தினால் பெரும்பாலும் தணிந்துவிடும், தணிக்க மருந்தும் உண்டு. ஆனால் ஐஸின் ஏக்கத்துக்கு மாற்று மருந்து என்று ஒன்று கிடையாது. ஆலோசனை, பழக்கம் மாற்றுவது, கூட ஆள் இருப்பது, இவைதான் வைத்தியம். தூங்கி எழுந்த பிறகு ஒரு பெரிய இருட்டு வரும். "இருந்து என்ன செய்ய" என்று பேசுவான். அந்த நாட்களில் தனியாக விடாதீர்கள். கத்தியை எடுத்தாலோ சாகிறேன் என்றாலோ காலை வரை பொறுக்க வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள்.

சத்தியம் பதினோரு நாள்தான் தாங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். ஐஸ் எடுக்கிறவன் மருந்து இல்லாமல், ஒரு கோயிலை மட்டும் நம்பிப் பதினோரு நாள் இருந்திருக்கிறான். மருத்துவரிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். அவனுக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்.

போலீஸ் பயத்துக்கு வருகிறேன். வைத்தியத்துக்கு வந்தான் என்பதற்காக வழக்குப் போடுவது மருத்துவர் வேலை அல்ல. 1985ஆம் ஆண்டுப் போதைப் பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. உட்கொண்டதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் மாட்டியவர், தானாக முன்வந்து அரசு நடத்துகிற அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால் அந்தக் குற்றத்துக்குத் தண்டனை நடவடிக்கை இல்லை. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தச் சலுகை போய்விடலாம். பதிவில்லாத இல்லத்து ரசீது இதற்கு உதவாது. ஆனால் அவன் பொட்டலம் தூக்கிப் படகில் ஏற்றியிருந்தால் அது வேறு கதை. நம் கரையில் என்னென்ன பிடிபடுகிறது என்று நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அப்படி ஏதாவது இருந்தால் 15100இல் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள், இலவசமாக வக்கீல் தருவார்கள். என்னிடம் எழுத வேண்டாம்.

அம்மா தடைக்காலம் வரட்டும் என்கிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், சம்பாத்தியம் கெடாது என்பது அவர் கணக்கு. நானும் கடற்கரை வீட்டில் வளர்ந்தவன், அந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனால் அப்படிச் செய்தால் அவன் சிகிச்சை முடிந்து வெளியே வரும்போது படகுகள் கடலில் இறங்கியிருக்கும். முதலாளி அட்வான்ஸ் கொடுப்பார். அதே ஆட்கள், அதே ராத்திரி முழுக்க வலை இழுப்பு, கண் சொக்கக் கூடாது என்று யாரோ நீட்டுகிற அதே பொருள். கரைக்கு வந்தால் கையில் பங்குப் பணம். இதைவிட மோசமான நாளை நாமே பார்த்துக் குறித்தாலும் கிடைக்காது. எனவே இந்த வாரமே போங்கள். முதல் கஷ்டமெல்லாம் தடைக்காலத்துக்கு முன்னால் முடியட்டும். அந்த 61 நாளை அவன் வீட்டில் இருந்து, மருத்துவமனைக்குப் போய்வந்து, வலை கட்டிப் பழகட்டும். ஜூனில் பழைய விசைப்படகு வேண்டாம். காலையில் போய் மாலையில் திரும்புகிற நாட்டுப்படகில், மாமாவோடு போகட்டும். ஏர்வாடியில் கொண்டுபோய் விடத் தயாராக இருக்கிற மாமா, தன் வள்ளத்தில் ஓர் இடம் கொடுக்க மாட்டாரா? பங்கு கொஞ்ச நாளைக்கு உங்கள் கையில் வரட்டும். இதையும் அவனிடம் பேசி முடிவு செய்யுங்கள், முதுகுக்குப் பின்னால் செய்யாதீர்கள்.

கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980ல் சென்னையில் போதை மீட்புக்கான டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கியபோது, குடிப்பவரோடு வீட்டாரும் வந்து உட்கார வேண்டும் என்பதைச் சிகிச்சையின் பகுதியாகவே வைத்தார். அறுபதாயிரத்தை ஒரு இல்லத்தில் கட்டுவதைவிட இது நமக்குக் கஷ்டம். வாரா வாரம் பஸ் ஏற வேண்டும், நம் பங்குத் தப்பையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அண்ணன் இப்போது குடிப்பதில்லை என்று எழுதி முடிக்க எனக்கும் ஆசைதான். இடையில் மூன்று வருடம் தொடவில்லை. போன பொங்கலுக்குக் குடித்தான். இரண்டாம் நாள் அவனே போன் செய்து, "வாடா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றான். நான் காரை எடுத்துக்கொண்டு போனேன். வரிசையில் இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், இருவரும் ஒன்றும் பேசவில்லை.

நீங்கள் போகிற அன்று இரண்டு ஓ.பி. சீட்டு வாங்குங்கள். இன்னொன்று அம்மாவுக்கு. மாதக்கணக்கில் தூக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அதையும் அதே மருத்துவர்தான் பார்ப்பார்.

அன்புடன்,
அண்ணன்