ஜெபக்குறிப்பாகிவிடுமோ என்று பயம்

அன்புள்ள உளவளத்துணையாளருக்கு,

எனக்கு வயது 62. உவர்மலையில் இருக்கிறேன். எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி போன வருடம் புற்றுநோயால் காலமானார். மகன் கனடாவில், மகள் கொழும்பில். முப்பத்தோராம் நாள் வரை வீடு நிறைய ஆட்கள். அதற்குப் பிறகு கேற் திறக்கிற சத்தமே இல்லை.

ஞாயிறு ஆராதனைக்குத் தவறாமல் போகிறேன். முடிந்ததும் வாசலில் போதகர் கைகொடுத்து, "எப்படி இருக்கிறீங்கள் அண்ணை?" என்பார். "கர்த்தர் நடத்துறார்" என்பேன். பின்னால் வரிசை நிற்கும். அவ்வளவுதான்.

எங்கள் பகுதியில் புதன்கிழமைகளில் வீட்டுக்கூட்டம் நடக்கிறது. பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். மனைவி ஒழுங்காகப் போவார். நான் கொண்டுபோய் விட்டுவிட்டு, முடியும்வரை வெளியே மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு நிற்பேன். இப்போது அதை நடத்துகிற ரீச்சர் என்னையும் வரச்சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

எனக்கு மனமில்லை. நோய் என்று தெரிந்த கிழமையில் மனைவி அந்தக் கூட்டத்தில்தான் ஜெபிக்கச் சொல்லி விஷயத்தைச் சொன்னார். அடுத்த நாளோ மறுநாளோ, மீன் சந்தையில் எனக்குப் பாரை வெட்டிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமலே, "ஐயா, அம்மாவுக்கு மார்பிலயாமே?" என்றார். அவர் எங்கள் சபை ஆளே இல்லை. மனைவியிடம் இதை நான் கடைசிவரை சொல்லவில்லை.

அதோடு, அங்கே போய் வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன், அதுவும் அத்தனை பெண்களுக்கு நடுவில். ஆராதனையும் வேதமும் எனக்குப் போதாதா?

உவர்மலை வாசகர், திருகோணமலை

---

அன்புள்ள ஐயா,

கட்டாயம் ஒன்றும் இல்லை. ஆனாலும் போகச் சொல்லித்தான் எழுதுகிறேன், ஒரு நிபந்தனையோடு.

முதலில் அந்த மீன் சந்தை. நடந்தது பிழை. உங்கள் மனைவி அதைக் கர்த்தரிடம் கொண்டுபோகச் சொன்னாரே தவிர ஊரிடம் அல்ல. நம் சபைகளில் ஊர்க்கதை அடிக்கடி ஜெபக்குறிப்பு என்ற பெயரில்தான் வெளியே போகிறது. "ஜெபிக்கத்தான் சொல்றன்" என்று தொடங்கிவிட்டால் யாரும் வாயை மூடச் சொல்வதில்லை. வட்ஸ்அப் வந்த பிறகு கேட்கவே வேண்டாம். ஆகவே உங்கள் தயக்கத்தைக் கூச்சம் என்றோ விசுவாசக் குறைவு என்றோ நினைக்காதீர்கள்.

இனி, ஆராதனை போதாதா என்ற கேள்வி. எருசலேமின் முதல் விசுவாசிகள் தேவாலயத்திலும் கூடினார்கள், வீடுகள்தோறும் அப்பமும் பிட்டார்கள் என்று அப்போஸ்தலர் 2:46 சொல்கிறது. இரண்டும் வேண்டியிருந்தது. மெதடிஸ்தர்களின் வகுப்புக் கூட்டம் பிறந்த கதை இதைவிடச் சுவையானது. 1742இல் பிரிஸ்டல் நகரில் அவர்களுடைய கூட்ட மண்டபத்தின் மேல் கடன் இருந்தது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி என்று சேர்த்துக் கட்டலாம் என முடிவாகி, ஏறக்குறைய பன்னிரண்டு பேருக்கு ஒருவர் வீடுவீடாகப் போய்த் தண்டினார். காசுக்குப் போனவர்கள் கண்டது வீட்டு நிலைமையை. இன்னாருடைய வாழ்க்கை சரியில்லை என்ற செய்திகள் மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லிக்கு வரத் தொடங்கின. சபையாரை இப்படித்தான் விசாரிக்க வேண்டும் என்பது அப்போதுதான் அவருக்குப் பிடிபட்டது. பிறகு வீடுவீடாகப் போவதை விட்டு, பன்னிரண்டு பேரையும் வாரம் ஒருமுறை ஓரிடத்தில் கூட்டினார்கள். 1814இல் இலங்கைக்கு வந்த மெதடிஸ்த மிஷனரிமார் இந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்கள். கத்தோலிக்கர் அயல்வீட்டாராகச் சிறு குழுவாய்க் கூடும் அன்பியமும் ஏறத்தாழ இதே தேவைக்குத்தான்.

வாசலில் நீங்கள் சொல்லும் பதிலில் குற்றமில்லை. பின்னால் வரிசை நிற்கும்போது வேறென்ன சொல்வது? நிறைந்த கோவிலில் நீங்கள் ஒரு ஞாயிறு வராவிட்டால், ஊருக்குப் போயிருப்பார் என்று நினைப்பார்கள். பன்னிரண்டு பேரில் ஒரு கதிரை வெறுமையாக இருந்தால் அன்றிரவே யாராவது தொலைபேசி எடுப்பார்கள். தனியே இருக்கிற மனிதருக்கு, ஆவிக்குரிய பேச்சையெல்லாம் விட்டாலும், அது ஒரு பாதுகாப்பு.

குழுச் சிகிச்சை பற்றி நிறைய எழுதிய அமெரிக்க மனநல மருத்துவர் இர்வின் யாலோம், குழுவில் மனிதரைத் தேற்றுகிறவற்றில் ஒன்றாக, 'எனக்கு மட்டும்தான் இப்படி' என்ற எண்ணம் உடைவதைச் சொல்கிறார். வீட்டுக்கூட்டம் சிகிச்சை அல்ல, ரீச்சரும் சிகிச்சையாளர் அல்ல. ஆனால் துணையை இழந்த இன்னொருவர், "நானும் பழக்கத்தில இரண்டு பிளேன்ரீ ஊத்திப்போட்டு ஒன்றைக் கொட்டுறனான்" என்று சொல்வதற்குப் படிப்புத் தேவையில்லை. அதைக் கேட்க நீங்கள் அந்த அறைக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் யோசியுங்கள். அந்தக் குழு உங்கள் மனைவியுடன் எத்தனையோ புதன்கிழமைகள் உட்கார்ந்திருக்கிறது. அவர் அங்கே என்ன சொன்னார், எதற்குச் சிரித்தார், உங்களுக்காக என்ன ஜெபித்தார் என்பதெல்லாம் அவர்களிடம் இருக்கிறது. அவர்கள் நடுவில் அழுதால் அழுததுதான். பேச முடியாத நாளில், "இன்றைக்கு நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்று சொன்னால் போதும்.

சரி, நிபந்தனைக்கு வருகிறேன். புதன்கிழமைக்கு முன் ரீச்சரை அவர் வீட்டில் தனியே சந்தித்து மீன் சந்தையில் நடந்ததைச் சொல்லுங்கள். யார் சொன்னது என்று துருவ வேண்டாம். இங்கே பேசுவது வெளியே போகக்கூடாது, ஒருவருடைய விஷயத்தை அவர் சம்மதமில்லாமல் போதகரிடம்கூடக் கொண்டுபோகக்கூடாது என்று ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் வாய்விட்டுச் சொல்ல முடியுமா என்று கேளுங்கள். அவர் முகம் வாடி, "செய்வோம்" என்றால் தைரியமாகப் போங்கள். "ஜெபத்துக்குத்தானே சொன்னாங்கள்" என்று சமாளித்தால் அந்தக் குழு வேண்டாம். ஆண்களுக்கென்று நான்கைந்து பேரோடு ஒன்று தொடங்க முடியுமா என்று போதகரைக் கேளுங்கள். வெஸ்லி காலத்திலேயே வகுப்பைவிடச் சிறிய குழுக்கள் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக இருந்தன. உங்கள் சங்கடம் புதிதல்ல.

நித்திரையும் சாப்பாடும் கிழமைக்கணக்கில் குழம்பியிருந்தாலோ, இருந்து என்ன பயன் என்ற நினைப்பு வந்தாலோ குழுவை நம்பிக் காத்திருக்க வேண்டாம். அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள்.

அப்புறம், உங்கள் வீட்டிலும் ஒரு முறை கூட்டம் வைக்கச் சொல்லி நிச்சயம் கேட்பார்கள். தேநீரும் பிஸ்கட்டும் போதும். ரோல்ஸ், பற்றிஸ் என்று ஒவ்வொரு வீடும் போட்டிபோட்டு, கடைசியில் வசதி குறைந்தவர்கள் தங்கள் வீட்டில் கூட்டமே வேண்டாம் என்று ஒதுங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.