பெயரும் பீடும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, கிரீன் தெருவும் சான்சம் தெருவும் கூடும் முனையில், நடைபாதையோரம் ஒரு நினைவுப் பலகையைப் பார்த்தேன். ஃபைலோ ஃபார்ன்ஸ்வொர்த் என்பவர் அந்த இடத்தில்தான் தொலைக்காட்சியை உருவாக்கினார் என்று அது சொல்கிறது. நாங்கள் பள்ளியில் ஜான் லோகி பெயர்டு என்றுதானே படித்தோம்? எது சரி?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: இரண்டும் சரியே, ஆனால் இரண்டும் ஒரே செய்தியைச் சொல்லவில்லை. பெயர்டு 1926 ஜனவரி 26 அன்று லண்டன் ஃப்ரித் தெருவிலுள்ள ஒரு மாடியறையில், ராயல் இன்ஸ்டிடியூஷன் உறுப்பினர்கள் முன்னிலையில், மனித முகத்தைத் திரையில் காட்டினார். துளையிட்ட தட்டு ஒன்றைச் சுழற்றி, படத்தை 30 வரிகளாகப் பிரித்த இயந்திரம் அது. ஃபார்ன்ஸ்வொர்த், 1927 செப்டம்பர் 7 அன்று, தமது 21ஆம் வயதில், சுழலும் தட்டு எதுவும் இல்லாமல் மின்னணு முறையிலேயே ஒரு படத்தை அனுப்பினார். அந்தப் படம் வெறும் ஒற்றைக் கோடுதான். நீங்கள் பார்த்த பலகையிலும் ‘முழுவதும் மின்னணு முறையிலான’ என்ற அடைமொழி இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் படிக்கும்போதுதான் இரு தரப்பாருக்கும் வழக்கு மூள்கிறது. 1936இல் பிபிசி பெயர்டின் முறையையும் முழு மின்னணு முறையையும் மாற்றி மாற்றி ஒளிபரப்பிப் பார்த்து, அடுத்த ஆண்டே பெயர்டின் முறையைக் கைவிட்டது. நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்தது மின்னணு வழியே. ஆயினும், தொலைவிலிருக்கும் முகத்தைக் காண முடியும் என்று முதலில் மெய்ப்பித்த பெயர்டின் புகழ் அதனால் ஒரு பிடியும் குறையாது. அவருக்கும் அந்த ஃப்ரித் தெரு வீட்டுச் சுவரில் ஒரு பலகை உண்டு.

கேள்வி: ஃபார்ன்ஸ்வொர்த்துக்கு அந்த எண்ணம் வயலில் தோன்றியது என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், வள்ளியூர்

பதில்: அவர் இடாஹோ மாநிலத்தின் ரிக்பி என்ற ஊரில் வளர்ந்த உழவர் வீட்டுப் பிள்ளை. 14 வயதில், உழுத நிலத்தில் வரிவரியாகக் கிடந்த சால்களைப் பார்த்தபோது, படத்தையும் அப்படியே வரிவரியாகப் பிரித்து அனுப்பலாம் என்று தோன்றியதாக அவரே சொல்லி வந்தார். ஏர் பிடித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு சால் ஓட்டி முடித்து, அடுத்த சாலுக்கு வந்து, இப்படியே வயல் முழுவதையும் உழுது தீர்ப்பதைப் போல, மின்னணுக் கற்றை திரையை உழுகிறது. நம் வீட்டுப் பழைய பெட்டிகளில் 625 வரிகள் கொண்ட முழுப்படம் நொடிக்கு 25 முறை இப்படி உழப்பட்டது. அந்தச் சிறுவன் தன் திட்டத்தைப் பள்ளிக் கரும்பலகையில் தன் ஆசிரியருக்கு வரைந்து காட்டினான். பிற்காலத்தில் ஆர்சிஏ என்ற பெரிய நிறுவனம் காப்புரிமைக்குப் போட்டியிட்டபோது, அந்த ஆசிரியர் ஜஸ்டின் டோல்மன் மாணவனுக்காகச் சாட்சி சொன்னார். 1934இல் தீர்ப்பு ஃபார்ன்ஸ்வொர்த் பக்கம் வந்தது. ஆசிரியருக்கும் ஒரு கல் வைக்கலாம் என்பது என் எண்ணம்.

கேள்வி: தமிழ்நாட்டில் இத்தகைய கல் வைப்பதானால் யாருக்கு வைக்கலாம்?
– வாசகர், தென்காசி

பதில்: 1950இல் சென்னைத் தேனாம்பேட்டையில் நடந்த ஒரு கண்காட்சியில், பி. சிவகுமாரன் என்ற மின்பொறியியல் மாணவர் தொலைக்காட்சியை இயக்கிக் காட்டினார். டெல்லியில் சோதனை ஒளிபரப்பு தொடங்கியது 1959 செப்டம்பர் 15இல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த மாணவரின் பெயர் தேனாம்பேட்டை நடைபாதையில் நிச்சயம் இருக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் தெருவில் ரேடியோக்கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர்தாம் இந்த வட்டாரத்தில் முதன்முதலாக ஆண்டெனா நட்டு, சிலோன் ரூபவாஹினியை எல்லாருக்கும் காட்டியவர். அவர் காலமாகிவிட்டார். கடை இருந்த இடத்தின் முன் நடைபாதையில் அவர் பெயர் பொறித்த கல்லைப் பதிக்க இளைஞர்கள் விரும்புகிறார்கள். எழுத்தை மிதிப்பது பாவம் என்று பெரியவர்கள் தடுக்கிறார்கள். தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: உங்கள் கேள்வியை வாசித்ததும் எங்கள் வீட்டு மொட்டை மாடியே கண்முன் வந்தது. 1975 ஆகஸ்ட் 15இல் சென்னையில் தொலைக்காட்சி நிலையம் வந்தபோதும், அதன் அலை தாமிரபரணிக் கரையை எட்டவில்லை. 1982இல் ரூபவாஹினி தொடங்கியது. இலங்கையின் உயர்ந்த மலையான பிதுருதலாகலையிலிருந்து வந்த அந்த அலை, ஏறத்தாழ 400 கிலோமீட்டர் கடந்து இங்கே விழுந்தது. நேர்கோட்டில் செல்லும் அலை அவ்வளவு தூரம் வரக் கூடாதுதான். ஆனால் மன்னார் வளைகுடாவின் நீர்ப்பரப்புக்கு மேலே வெப்பக் காற்று படிந்து நிற்கும் நாள்களில், அலை அந்த அடுக்கில் சிக்கி, வாய்க்கால் நீரைப்போல வெகுதூரம் ஓடி வரும். எந்த நாளில் வரும், எந்த உயரத்தில் பிடிபடும், தென்கிழக்கில் எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதையெல்லாம் எந்தப் பாடப்புத்தகமும் இல்லாமல், இரும்புக் குழாயைத் தோளில் சுமந்து மாடிமாடியாக ஏறிக் கண்டுபிடித்தவர்கள் உங்கள் அண்ணாச்சியைப் போன்றவர்களே. கீழேயிருந்து “வருது, வருது, கொஞ்சம் இடது பக்கம்” என்று ஒருவர் கத்த, மேலேயிருந்து ஒருவர் திருப்ப, தெருவே ஒரு வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து பார்த்தது. கொடைக்கானல் கோபுரம் வந்தபின் ஆண்டெனாக்கள் எல்லாம் வடக்கே திரும்பின. திருப்பி வைத்தவர்களும் அவர்களே. அதனால், கல் வைக்கத்தான் வேண்டும்.

இனி, மிதிப்பது பற்றி. பெரியவர்களின் தயக்கத்தைப் பழமை என்று தள்ளிவிட மாட்டேன். காலில் காகிதம் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள் நாம். நாஜிகளால் கொல்லப்பட்டவர்களின் பெயர் பொறித்த பித்தளைக் கற்களை ஜெர்மனியின் பல நகரங்கள் நடைபாதையில் பதித்துள்ளன. ஆனால் மியூனிக் நகரம், மாண்டவர் பெயர் மிதிபடக் கூடாதென்று, பொது நடைபாதையில் அவற்றை அனுமதிக்கவில்லை. மறுபுறம், அடியார் பாதம் தங்கள்மேல் பட வேண்டுமென்று கோயில் தரையில் தங்கள் உருவத்தைச் செதுக்கச் செய்தவர்களும் நம்மவரே. பெருமாள் சந்நிதியின் வாசற்படிக்குக் குலசேகரன் படி என்று பெயர். ஆனால் அது அவரவர் தாமே வேண்டிக்கொண்டது. அண்ணாச்சி வேண்டிக்கொண்டாரா என்பதை அவர் பிள்ளைகளிடம் கேளுங்கள். இல்லையென்றால் கல்லைப் படுக்க வைக்காதீர்கள், நிற்க வையுங்கள். நம் முன்னோர் நடுகல்லை வழிதோறும் நிறுத்தியே வைத்தார்கள். அதில் பெயரும் பீடும் எழுதினார்கள் என்று சங்கப் பாடல்களும் சொல்கின்றன. பீடு என்பது பட்டம் அன்று, செய்த செயல். ‘தொலைக்காட்சித் தந்தை’ என்றெல்லாம் எழுதாமல், இன்ன ஆண்டு, இந்த இடத்தில், இவர் இதைச் செய்தார் என்று எழுதுங்கள்.

கடையின் சுவரில் பதிப்பதானால் இப்போதைய உரிமையாளரின் சம்மதம் போதும்; நடைபாதையில் நிறுத்துவதானால் நகராட்சியின் அனுமதியை எழுத்தில் பெற வேண்டும். அதற்கு முன்பாக, அந்த முற்றத்தில் உட்கார்ந்து முதல் படத்தைப் பார்த்தவர்களில் இன்றும் இருப்பவர்களிடம் போய், ஆண்டையும் யார் வீட்டு மாடி என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இருவர் சொல்வது ஒத்துப்போன பிறகு கல்தச்சரிடம் செல்லலாம்.