இடம் பாட ஓர் ஆள்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

கேரள எல்லையில் இருக்கும் ஆரியங்காவிலிருந்து எழுதுகிறேன், பிறந்து வளர்ந்ததும் இங்கேதான். புனலூரில் ஒரு ரப்பர் கடையில் கணக்கு எழுதும் வேலை. பள்ளியில் படித்தது மலையாளம், தமிழ் கூடவே இருக்கும் அம்மாவிடம் கற்றது. இரண்டு கவிதைத் தொகுப்பும் ஒரு மாயக்கதை நாவலும் எழுதி, கிண்டிலில் நானே ஏற்றியிருக்கிறேன். கவிதைக்கு ஒரு பெயர், நாவலுக்கு வேறொரு பெயர் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள் நண்பர்கள். ரத்தம் குடிக்கும் யட்சியின் கதை எழுதுகிறவளின் கவிதையை யாரும் மதிக்க மாட்டார்களாம். அப்படி வைத்துக்கொள்ளலாமா? அச்சில் கொண்டுவருவது நல்லதா? என் தமிழில் மலையாள வாடை அடிக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார், அதை எப்படிச் சரிசெய்வது? பதிப்பாளர்களைத் தேடிப் போக எனக்கு விருப்பமில்லை. வெளியிடுவதற்கு முன் எழுதியதை யாரிடமும் காட்டுவதும் இல்லை. தனியாக இயங்குவதில் எனக்குக் கிடைத்திருக்கும் சுதந்திரமே அதுதான். நாவலின் முதல் மூன்று அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன்.

எஸ்., ஆரியங்காவு

அன்புள்ள எஸ்.,

கடிதம் கிடைத்தது. அத்தியாயங்களையும் படித்தேன். பெயர் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். ‘யாரிடமும் காட்டுவதில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் உடனே பதில் எழுத வைத்தது. போன மாதம் பண்பொழிப் பக்கம் ஒரு கோயில் கொடை விழாவுக்குப் போய் வந்ததிலிருந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அங்கே வில்லுப்பாட்டு வைத்திருந்தார்கள். கதையை நடத்திப் பாடும் அண்ணாவிக்கு நல்ல குரல், வில்லைத் தட்டும் வீசுகோல் பிடித்த கையிலும் குறையில்லை. ஆனால் இடப்பக்கத்தில் ஆளே இல்லை. அந்த இடத்தில் ஒரு பையன் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தான். அண்ணாவி ஓர் அடி பாடுவார், கீபோர்டு அதை அப்படியே வாசிக்கும், அவர் அடுத்த அடிக்குப் போய்விடுவார். எங்கும் நிற்காமல் கதை ஓடியது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நீங்கள் சிறு வயதில் பார்த்திருக்கலாம். வில்லுப்பாட்டில் வலம் பாடுகிறவர், இடம் பாடுகிறவர் என்று இரண்டு பக்கம் உண்டு. வலப்பக்கம் அண்ணாவி, கதை அவர் கையில். இடப்பக்கத்து ஆள் அடியை வாங்கிப் பாடுவார், ‘ஆமா’ போடுவார், நடுவில் கேள்வி கேட்பார். அந்தக் கேள்வி இல்லாவிட்டால் வில்லுப்பாட்டு வெறும் பாட்டுக் கச்சேரி.

நான் சிறுவனாக இருந்தபோது புளியரைப் பக்கம் எங்கள் தாய்மாமா ஊரில் சுடலைமாடன் கொடை நடக்கும். அங்கே இடம் பாடியவர் பகலில் கொத்தனார். ஒல்லியான ஆள், நகக்கண்ணில் சுண்ணாம்பு காய்ந்து வெள்ளையாக இருக்கும். சாமக்கொடை எனும் நள்ளிரவுப் பூசை நெருங்குகிற நேரம். சுடலை பிறந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கைலாசத்தில் விளக்குச் சுடரிலிருந்து பார்வதிக்குப் பிள்ளையாக வருகிறான், ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் எழுந்து போய்ச் சுடுகாட்டில் பிணம் தின்கிறான். அண்ணாவி அதுவரை பாடிவிட்டு மூச்சு வாங்கினார். கொத்தனார் குடத்துப் பக்கமிருந்து கேட்டார்: “அண்ணாவி, கைலாசம்னா சும்மாவா? வாசலுக்கு வாசல் காவல் இருக்கும். தொட்டில்ல கிடந்த பச்சப்புள்ள எப்படிய்யா வெளிய போச்சு?”

கூட்டம் சிரித்தது. அண்ணாவி சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, “சுடர்ல பிறந்தவனுக்கு வாசல் எதுக்குடே? திரியைத் தாழ்த்தினா போவான், தூண்டினா வருவான்” என்றார். அதையே பாட்டாகவும் இழுத்தார். அதோடு முடிந்திருக்கும். ஆனால் முன்வரிசையில், வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஒரு கிழவி உரலை மடியில் வைத்துவிட்டு, “அப்ப அன்னைக்கு ராத்திரி திரியைத் தாழ்த்துனது யாரு?” என்று கேட்டாள்.

அண்ணாவிக்குப் பதில் வரவில்லை. உடுக்கைக்காரர் சும்மா இருக்கக்கூடாதே என்று மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் அண்ணாவி பாடினார்: திரியைத் தாழ்த்தியது பார்வதிதான். பிள்ளை பசியில் புரள்வதைப் பார்க்கப் பொறுக்காமல், அவன் எங்கே போவான், எதைத் தின்பான் என்று தெரிந்தே தாழ்த்தினாள். சொந்தக் கையால் செய்துவிட்டு, காலையில் பிள்ளையின் வாயில் பிண வாடை அடிக்கிறது என்று அழுதாள். கூட்டத்தில் சத்தமே இல்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அடுத்த வருஷக் கொடையில் அந்த அடிகளை ஏட்டிலேயே இருந்ததுபோல் பாடினார்கள்.

இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சுடரில் பிறந்த பிள்ளை என்ற அதிசயம் ஏற்கெனவே கதையில் இருந்தது. அதற்கு உயிர் வந்தது கொத்தனார் கேட்டதாலும் கிழவி கேட்டதாலும்தான். மாயக்கதையில் மாயத்தின் பாதிதான் எழுதுகிறவருக்குத் தோன்றுவதில் இருக்கிறது. “அது எப்படி?” என்று எதிரில் ஒருவர் கேட்டு, அதற்குப் பதில் சொல்லியாக வேண்டிய நெருக்கடி வரும்போதுதான் மீதிப் பாதி பிறக்கிறது. குடும்பக் கதை எழுதுகிறவருக்கு உலகமே இடம் பாடும். பஸ் எத்தனை மணிக்கு, சம்பளம் எவ்வளவு என்று வாசகருக்கே தெரியும். தப்பாக எழுதினால் மாட்டிக்கொள்வார். யட்சியை எழுதுகிற உங்களை யார் பிடிப்பார்கள்? யாருமே பிடிக்க முடியாத இடத்தில் நின்றுகொண்டு, யாரிடமும் காட்டவும் மாட்டேன் என்கிறீர்கள்.

உங்கள் இரண்டாம் அத்தியாயத்துக்கு வருகிறேன். ஆடி மாதம், சாரல் விடாமல் அடிக்கிறது. உங்கள் யட்சி கோட்டைவாசலைத் தாண்டி ஆரியங்காவு இறக்கத்தில் காட்டுக்குள் நடந்து வருகிறாள். மூன்று பக்கம். மழையில் ஊறிய சருகில் அவள் பாதம் கணுக்கால்வரை புதைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அருமையான வரி, தரையில் கால் படாத யட்சிகளை எல்லாம் அந்த ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். சரி, புதைந்த காலில் ஏன் ஓர் அட்டைப்பூச்சிகூட ஏறவில்லை?

ஆரியங்காவில் பிறந்து வளர்ந்தவர் நீங்கள். ஆடி மாதம் அந்தக் காட்டுக்குள் நாலு எட்டு வைத்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மடியில் உப்பும் புகையிலையும் இல்லாமல் உங்கள் ஊரில் யாராவது விறகுக்குப் போவார்களா? உங்கள் அம்மா இந்தப் பக்கங்களைக் கேட்டிருந்தால் முதல் கேள்வியே இதுவாகத்தான் இருந்திருக்கும். இரண்டாவது கேள்வியும் தானாக வந்திருக்கும்: ஊரார் ரத்தம் குடிக்கிறவள் ரத்தத்தை ஓர் அட்டை குடித்தால் அந்த அட்டை என்ன ஆகும்? அந்த அட்டை அடுத்த நாள் ஒரு கன்றுக்குட்டியின் காலில் ஏறினால்? ரப்பர் பால் வெட்டப் போகிற பெண்ணின் காலில் ஏறினால்?

பாருங்கள், உங்கள் நாவலே அங்கேதான் இருக்கிறது. அதை மிதித்துக் கடந்துபோய், நாலாவது பக்கத்தில் ஏழிலைப்பாலை மரம், சுண்ணாம்பு கேட்பது, ஆணி அடிப்பது என்று எல்லோருக்கும் தெரிந்த வழியில் ஏறிவிட்டீர்கள். எனக்குக் கோபமே வந்தது. திறமை இல்லாதவர் எழுதியிருந்தால் மூடி வைத்துவிட்டுப் போயிருப்பேன். கணுக்கால்வரை புதையும் பாதத்தை எழுதத் தெரிந்தவர் செய்கிற காரியமா இது?

இதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைக்காதீர்கள். பதிப்பாளர் வேண்டாமா, வேண்டாம். முன்பணம், முன்னுரை, மேடை எதுவும் வேண்டாமா, நல்லது. அவர்களையெல்லாம் விட்டு விலகுவது உங்கள் உரிமை, நானும் அப்படி விலகி நிற்கிறவன்தான். ஆனால் கேட்கிற காதையும் சேர்த்து விலக்கியிருக்கிறீர்கள். உங்கள் கடையில் ரப்பர் ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, குமிழி இருக்கிறதா, பூசணம் இருக்கிறதா என்று பார்க்காமல் கிரேடு போடுவார்களா? அச்சகமும் பதிப்பகமும் இல்லாத எழுத்தாளருக்கு அப்படித் தூக்கிப் பிடிக்க ஒரு கை மற்றவர்களைவிட அதிகம் தேவை.

யாரைத் தேடுவது என்று கேட்பீர்கள். கவிஞர்களைத் தேடாதீர்கள், அவர்கள் தங்கள் கவிதையைக் கையில் வைத்துக்கொண்டுதான் உங்களுடையதைக் கேட்பார்கள். ‘சூப்பர்’ போடுகிற நண்பர்களும் உதவ மாட்டார்கள். உங்களுக்குத் தமிழ் கொடுத்த அம்மா வீட்டிலேயே இருக்கிறார். கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரி எழுதிய நீங்கள், அவருக்கு வாசித்துக் காட்டியதாக ஒரு வார்த்தை எழுதவில்லை. யாரிடமும் காட்டுவதில்லை என்றால் அவரிடமும் இல்லை என்றுதானே அர்த்தம்? எனக்கு அது மிகவும் வருத்தமாக இருந்தது, எஸ். தமிழை வாயால் ஊட்டியவரிடம் அந்தத் தமிழில் நீங்கள் செய்ததை மறைக்கிறீர்கள். வெட்கமாக இருக்கும், தெரியும். அவர் அரிசி புடைத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு அத்தியாயம், உரக்க வாசியுங்கள். மேலே பார்க்காமல் வாசியுங்கள். முறம் எங்கே நிற்கிறது என்று காது சொல்லும். அவர் கேட்கிற கேள்விக்கு உடனே வாயால் பதில் சொல்லுங்கள், ‘அது கதைம்மா’ என்று மட்டும் சொல்லித் தப்பிக்காதீர்கள். வாயால் சொன்ன பதிலைத்தான் பிறகு எழுத வேண்டும்.

கவிதைக்கும் இதே முறைதானா என்றால், உரக்க வாசிப்பது மட்டும் போதும். கவிதையைக் கேள்வி கேட்டுக் குடைய வேண்டாம்.

அச்சில் கொண்டுவருவது நல்லதா என்று கேட்பதில், தானே கிண்டிலில் வெளியிடுவது ஏதோ குறை என்ற நினைப்பு தெரிகிறது. உங்களுக்கு இந்தப் பக்கம், மலை இறங்கினால் கடையம். 1918 கடைசியில் பாரதி புதுச்சேரியை விட்டு வந்து, கைதாகி விடுதலையான பிறகு, மனைவி செல்லம்மாவின் ஊரான அங்கேதான் தங்கினார். 1920இல் அங்கிருந்துதான் நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். தம் எழுத்து முழுவதையும் 40 புத்தகங்களாக்கி, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சடிக்கக் கடன் கேட்டார். தர்மம் கேட்கவில்லை, வட்டி போட்டு, புரோநோட்டு எழுதித் தருவதாகச் சொன்னார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் விற்கிறதைவிடச் சுலபமாகத் தம் புத்தகங்கள் விற்கும் என்று நம்பினார். பணம் சேரவில்லை. 1921 செப்டம்பரில் அவரே போய்விட்டார். அந்தச் சுற்றறிக்கையை எப்போது படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். வெளியிட வழியில்லாமல் அவர் கேட்டுக்கொண்டிருந்த ஊரிலிருந்து ஒரு மலை தாண்டி, நீங்கள் ராத்திரி உட்கார்ந்து ஒரு பொத்தானை அழுத்தி நாவலை வெளியிடுகிறீர்கள். அதில் குறை ஒன்றும் இல்லை. அவ்வளவு லேசாகக் கிடைத்திருக்கிறது என்பதற்காகவாவது, அழுத்துவதற்கு முன் ஒருவருக்கு வாசித்துக் காட்டியிருக்க வேண்டும்.

மற்றவை. அச்சுப் புத்தகம்: தேவைக்கு ஏற்ப அச்சிடும் முறையில் கொஞ்சம் பிரதி போட்டுப் பாருங்கள், கடன் வாங்காதீர்கள். புத்தகத்துக்கான ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம், நம் நாட்டில் அரசே அதை இலவசமாகத் தருகிறது. மலையாள வாடை: விட்டுத்தள்ளுங்கள். 1956 நவம்பர் 1ஆம் தேதி வரை செங்கோட்டையே திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தது. எங்கள் வீட்டுக் கிழவிகள் பேசியதும் உங்கள் தமிழ்தான். அதைத் துடைத்துவிட்டு எழுதினால் உங்கள் யட்சி வேறு ஊர்க்காரி ஆகிவிடுவாள்.

இனி, பெயர். பாரதியின் குயில் பாட்டைப் படித்திருப்பீர்கள். பேசும் குயில், அது காதல் சொல்லும் குரங்கு, மாடு, முற்பிறவி, முனிவர், எல்லாம் இருக்கிற கதை. அந்த முற்பிறவிக் கதை நடக்கிற இடமும் சேர நாட்டின் தென்புறத்து மலை, வேடர் குடி. உங்கள் நண்பர்கள் சொல்கிற கணக்கின்படி அதன் அட்டையில் எந்தப் பெயரைப் போடுவது? கவிஞருடைய பெயரையா, மாயக்கதைக்காரருடைய பெயரையா? கொடையில் சுடலையைப் பாடுகிற அண்ணாவியிடமும் இதைக் கேட்டுப் பாருங்கள், கேள்வியே அவருக்குப் புரியாது. ஒரே பெயர் போதும். உங்கள் அம்மா கூப்பிடுகிற பெயராக இருந்தால் இன்னும் நல்லது.

நாலாம் அத்தியாயத்தை இப்போதைக்கு எனக்கு அனுப்ப வேண்டாம். இரண்டாம் அத்தியாயத்தை முதலில் அம்மாவுக்கு வாசித்துவிட்டு, அவர் எந்த இடத்தில் நிறுத்தினார், என்ன கேட்டார், நீங்கள் என்ன சொல்லிச் சமாளித்தீர்கள் என்று எழுதுங்கள். அட்டையைப் பற்றி அவர் கேட்கவே இல்லை என்றால் அதையும் எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி
செங்கோட்டை